முகம் காட்டித் திறக்கும் போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேஸ் லாக், ஃபேஸ் அன்லாக், ஃபேஸ் ஐடி என்று பெயர்கள் பல. பத்தாயிரம் ரூபாய் போனிலும் இந்த வசதி இருக்கிறது, லட்ச ரூபாய் போனிலும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி பேங்க் ஆப், குடும்பப் படங்கள், ஆதார் நகல் எல்லாவற்றையும் அதன் பின்னால் வைத்துவிடுகிறோம். உண்மையில் இரண்டும் வேறு வேறு. கீழே உள்ள பதில்களில் பாதி அந்த வித்தியாசத்தைப் பற்றியவை.

போன் என் முகத்தை எப்படி அடையாளம் காண்கிறது?

முதல் தடவை முகத்தைப் பதியும்போது, கேமரா எடுத்த படத்திலிருந்து போனுக்குள் இருக்கும் மென்பொருள் நீளமான ஓர் எண்வரிசையைத் தயாரிக்கிறது. கண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், மூக்கு எவ்வளவு நீளம் என்று அளந்து வைத்துக்கொள்வதாகப் பலர் விளக்குவார்கள். பழைய முறைகள் அப்படித்தான் இருந்தன. இன்றைய மென்பொருளுக்கு மூக்கை அளக்கும்படி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏராளமான முகங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். ஐபோனின் முகப்பூட்டான ஃபேஸ் ஐடிக்காக நூறு கோடிக்கும் அதிகமான படங்களைப் பயன்படுத்தியதாக ஆப்பிள் சொல்கிறது. ஒரே ஆளின் இரண்டு படங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே எண்வரிசை வரவேண்டும், வேறு ஆளுக்கு நன்றாக விலகிய வரிசை வரவேண்டும். அதற்கு முகத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மென்பொருள் தானே கற்றுக்கொள்கிறது.

அதன்பிறகு நீங்கள் போனை எடுக்கும்போதெல்லாம் புதிய எண்வரிசை ஒன்று உருவாகி, சேமித்து வைத்ததோடு ஒப்பிடப்படுகிறது. போதுமான அளவு நெருங்கி இருந்தால் போன் திறக்கும். அந்தப் ‘போதுமான அளவு’ எது என்பதைத் தீர்மானிப்பது போன் கம்பெனி. அளவைத் தளர்த்தினால் சட்டென்று திறக்கும், கூடவே தம்பி முகத்துக்கும் திறந்துவிடலாம். இறுக்கினால் தம்பி உள்ளே வர முடியாது, ஆனால் காலையில் தூங்கி எழுந்த முகத்தோடு நீங்களும் இரண்டு மூன்று தடவை காட்ட வேண்டியிருக்கும்.

எல்லா போன்களிலும் இது ஒரே மாதிரிதான் வேலை செய்கிறதா?

இல்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

ஐபோன் எக்ஸ் 2017 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது அதன் திரையின் மேல்விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அன்றைக்குப் பலரும் குறைசொன்ன அந்தப் பட்டைக்குள் செல்ஃபி கேமராவோடு வேறு மூன்று பாகங்களும் இருந்தன. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பரவலாகப் பாய்ச்சும் விளக்கு. இரண்டாவது, 30,000-க்கும் அதிகமான அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின் மீது தெளிக்கும் புரொஜெக்டர். மூன்றாவது, அந்தப் புள்ளிகளைப் படம் பிடிக்கும் அகச்சிவப்புக் கேமரா. புள்ளிகள் எந்த அமைப்பில் கிளம்பின என்பது போனுக்குத் தெரியும். மூக்கு நுனியில் விழுந்த புள்ளி ஒரு பக்கம் நகர்ந்திருக்கும், கண்குழியில் விழுந்தது வேறு அளவுக்கு நகர்ந்திருக்கும். அந்த நகர்வைக் கணக்கிட்டு முகத்தின் மேடு பள்ளங்களைப் போன் வரைந்துகொள்கிறது. இருட்டு அறையில், இரவிலும் படம் பிடிக்கும் சிசிடிவி கேமராவுக்கு முன்னால் ஓர் ஐபோனைத் திறந்து பாருங்கள்: முகத்தின் மேல் வெளிச்சம் மின்னி மின்னி அடிப்பது அதில் தெரியும். இந்த உத்தி வீட்டு விளையாட்டுக் கருவியிலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்ட் 2010-ல் விற்ற கினெக்ட் கருவிக்கு இதைச் செய்துகொடுத்த இஸ்ரேலிய நிறுவனமான பிரைம்சென்ஸை ஆப்பிள் 2013-ல் வாங்கியது.

ஆண்ட்ராய்டு போன்களிலும் சிலர் இதே வழியில் போனார்கள். 2018-ல் வந்த ஓப்போ ஃபைண்ட் எக்ஸ், ஹுவாவே மேட் 20 ப்ரோ, 2019-ல் வந்த கூகுள் பிக்ஸல் 4 ஆகியவை உண்மையிலேயே ஆழத்தை அளந்தவை. ஆனால் இந்தப் பாகங்களுக்குச் செலவு அதிகம், திரையில் இடமும் பிடிக்கும். அதற்குள் திரைக்கு அடியில் கைரேகை படிக்கும் வசதி வந்துவிட்டது. பெரும்பாலான கம்பெனிகள் அந்தப் பாகங்களை விட்டுவிட்டு, ஒரு சின்ன ஓட்டைக்குள் ஒரே ஒரு செல்ஃபி கேமராவை வைத்து, ‘ஃபேஸ் அன்லாக்’ என்ற பெயரை மட்டும் தக்கவைத்துக்கொண்டன. இன்று கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் மிகப் பெரும்பான்மை இந்த இரண்டாம் வகை. இதில் போன் பார்ப்பது தட்டையான ஒரு படத்தைத்தான்.

இடையில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2023-ல் வந்த பிக்ஸல் 8-ல் சாதாரண செல்ஃபி கேமராதான், ஆனாலும் கூகுள் மென்பொருளை மேம்படுத்தி, பணம் செலுத்தும் அளவுக்கு நம்பகமானது என்ற தரத்துக்கு அதைக் கொண்டுவந்தது. ஒரே கேமராவை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று சொல்ல முடியாது. எல்லோரும் அந்த உழைப்பைப் போடவில்லை, அவ்வளவுதான்.

என் போன் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தை நம்ப வேண்டாம், போனையே கேளுங்கள். செட்டிங்ஸில் முகத்தைப் பதியப் போகும்போது வரும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நாம் எல்லோரும் படிக்காமல் தள்ளிவிட்டு ‘தொடர்க’வை அழுத்தும் பக்கம் அது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அங்கே, உங்களைப் போலத் தோற்றமுள்ள ஒருவரோ உங்கள் படமோ இந்தப் போனைத் திறந்துவிடலாம், இது பின் நம்பரையும் பேட்டர்னையும்விடப் பாதுகாப்புக் குறைந்தது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கம்பெனியே எழுதிக்கொடுத்த ஒப்புதல் அது.

இன்னொரு சோதனை, பேங்க் ஆப். அதைத் திறக்கும்போது கைரேகையை மட்டும் கேட்டு, முகத்தைக் கேட்கவே இல்லை என்றால், உங்கள் போனின் முகப்பூட்டு பெரும்பாலும் பலவீனமானது. இதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் மூன்று தரங்கள் வைத்திருக்கிறது. போலி முகத்தையோ போலி விரலையோ காட்டிச் சோதிக்கும்போது நூற்றுக்கு 7 முறைக்கு மேல் ஏமாறக் கூடாது என்பது கிளாஸ் 3. 7 முதல் 20 வரை கிளாஸ் 2. அதற்கும் மேல் ஏமாந்தால் கிளாஸ் 1, அதாவது வசதிக்காக மட்டும். கிளாஸ் 1 முகத்தைப் பூட்டுத் திரையைத் திறக்கப் பயன்படுத்தலாம், மற்ற ஆப்கள் அதை நம்ப ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. ஆக, உங்கள் முகத்தை உங்கள் போனே எந்த அளவு நம்புகிறது என்பது பேங்க் ஆப்பில் தெரிந்துவிடும்.

போட்டோவைக் காட்டித் திறக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?

இரண்டாம் வகை போன்கள் பலவற்றில் உண்மை. 2011-ல் ஆண்ட்ராய்டு 4.0 இந்த வசதியோடு கேலக்ஸி நெக்ஸஸ் போனில் வந்தபோதே படத்தைக் காட்டித் திறந்து காட்டினார்கள். அடுத்த பதிப்பில் கண் சிமிட்டச் சொல்லும் சோதனையைச் சேர்த்தார்கள். 2017-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்8-லும் இதேபோல் படத்தால் திறக்கும் வீடியோ வந்தது. அந்தப் போனில் கண்ணின் கருவிழியைப் படிக்கும் தனி வசதி இருந்தது, பாதுகாப்புக்கு அதுதான், முகம் வசதிக்கு என்று சாம்சங்கே பிரித்து வைத்திருந்தது. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 110 போன்களைச் சோதித்து 2019 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. 42 போன்கள் படத்துக்குத் திறந்துகொண்டன.

இதற்கு உங்கள் போனைத் திருடி, லேபில் வைத்து வேலை பார்க்கத் தேவையில்லை. உங்கள் வாட்ஸ்அப் முகப்புப் படம் போதுமானதாக இருக்கலாம். உங்கள் போனில் நீங்களே சோதித்துப் பாருங்கள். வேறொரு போனின் பெரிய திரையில் உங்கள் முகப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, நேராகக் காட்டுங்கள். திறந்துவிட்டால் அந்த முகப்பூட்டை அன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்பேன்.

அப்படியானால் ஃபேஸ் ஐடியை யாராலும் ஏமாற்ற முடியாதா?

படத்தால் முடியாது, ஏனென்றால் காகிதத்திலும் திரையிலும் மேடு பள்ளம் இல்லை. 2017 நவம்பரில் வியட்நாமின் பிகாவ் நிறுவனம் முப்பரிமாண அச்சு, சிலிகான் மூக்கு, காகிதக் கண்கள் எல்லாம் சேர்த்து ஒரு முகமூடி செய்து ஐபோன் எக்ஸைத் திறந்து காட்டியது. அதைச் செய்ய உங்கள் முகத்தின் அளவுகள் துல்லியமாக வேண்டும், உங்கள் போனும் கையில் வேண்டும், ஐந்து முறை தவறினால் போன் பின் நம்பர் கேட்டுவிடும் என்பதால் அதற்குள் வெற்றியும் வேண்டும். சாதாரண ஆளுக்கு இது கவலைப்பட வேண்டிய ஆபத்து இல்லை.

பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று ஆப்பிள் சொல்வதன் பொருள் என்ன?

வழியில் போகிற யாரோ ஒருவர் உங்கள் போனைப் பார்த்தால் அது திறந்துகொள்ளும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது ஆப்பிளின் கணக்கு. ஆப்பிளின் கைரேகைக்கு இது 50,000-ல் ஒன்று. நான்கு இலக்கப் பின் நம்பரை ஒரே தடவையில் குருட்டாம்போக்கில் ஊகிப்பது 10,000-ல் ஒன்று.

‘யாரோ ஒருவர்’ என்பதைக் கவனிக்க வேண்டும். நம் போனை எடுத்து நோண்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் யாரோ ஒருவர் கிடையாது, நம் வீட்டு ஆள். இரட்டையர்கள், உங்களைப் போலவே இருக்கும் உடன்பிறந்தவர்கள், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் பின் நம்பரையே பயன்படுத்துவது நல்லது என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் முகத்தில் தனித்த அம்சங்கள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது என்பது காரணம்.

மனைவி அல்லது மகனின் முகத்தையும் சேர்த்துப் பதிந்து வைக்கலாமா?

பலர் செய்கிறார்கள், நான் வேண்டாம் என்பேன். ஐபோனில் ‘மாற்றுத் தோற்றம்’ என்ற வசதி 2018 முதல் இருக்கிறது. உங்களுடைய இன்னொரு தோற்றத்துக்காக வைத்ததை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்தபின், எந்த முகம் திறந்தது என்று ஆப்களுக்குத் தெரியாது. ஃபேஸ் ஐடியை ஏற்கும் பேங்க் ஆப்பும் பணம் செலுத்தும் ஆப்பும் அந்த இரண்டாவது முகத்துக்கும் திறக்கும். கேம் விளையாடக் கேட்ட மகனுக்குக் கணக்கின் சாவியையும் சேர்த்துக் கொடுத்தது போலாகிவிடும். புது முகமோ புது விரலோ பதிந்ததும் சில பேங்க் ஆப்கள் முகத்தை ஏற்க மறுத்து மறுபடி பாஸ்வேர்டு கேட்பது இதனால்தான். அது கோளாறு இல்லை.

தூங்கும்போது என் முகத்தைக் காட்டித் திறந்துவிட முடியுமா?

ஃபேஸ் ஐடியில், கண் திறந்திருந்து திரையைப் பார்த்தால்தான் திறக்கும். ‘கவனம் தேவை’ என்ற அமைப்பு அணைக்கப்படாமல் இருக்க வேண்டும். பிக்ஸல் 4 வந்த புதிதில் கண் மூடியிருந்தாலும் திறந்தது. கண்டனம் எழுந்து, 2020 ஏப்ரலில்தான் கண் திறந்திருக்க வேண்டும் என்ற வசதியைக் கூகுள் சேர்த்தது. மற்ற போன்களில் ‘கண்கள் திறந்திருக்க வேண்டும்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் போட்டுவிடுங்கள்.

இருட்டில் சிலருக்குத் திறக்கிறது, எனக்குத் திறப்பதில்லை. ஏன்?

அகச்சிவப்பு ஒளி உள்ள போன் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிறது, அதனால் கரண்ட் போன அறையிலும் திறக்கும். செல்ஃபி கேமரா மட்டும் உள்ள போனுக்கு அறை வெளிச்சம் வேண்டும். அதனால்தான் சில போன்கள் திரையையே பளீரென்று வெள்ளையாக்கி உங்கள் முகத்தில் அடிக்கின்றன. இதையும் ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். உச்சி வெயில் மறுபக்கத் தொல்லை: சூரிய ஒளியிலேயே அகச்சிவப்பு நிறைய இருப்பதால் விலை உயர்ந்த போன்களும் சில நேரம் தடுமாறும்.

மாஸ்க், மூக்குக்கண்ணாடி, தாடி, ஹெல்மெட்?

கண்ணாடியும் தாடியும் பெரிய பிரச்சினை இல்லை. தாடி மெல்ல வளரும்போது போன் தன் பதிவை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்கிறது. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தால் ஒருமுறை பின் நம்பர் கேட்கலாம். கொடுத்தால் புது முகத்தைக் கற்றுக்கொள்ளும். திருநீறு, குங்குமம், சந்தனம் இவற்றால் எதுவும் ஆவதில்லை. கூலிங் கிளாஸில் சில வகை அகச்சிவப்பைத் தடுக்கும், அவற்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மாஸ்க்கோடு திறக்கும் வசதி கொரோனா வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், ஐஓஎஸ் 15.4-ல் வந்தது, ஐபோன் 12-க்கும் அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் மட்டும். முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டோடு எதிர்பார்க்காதீர்கள்.

கறுப்பான முகங்களை இந்தத் தொழில்நுட்பம் சரியாக அடையாளம் காண்பதில்லை என்பது உண்மையா?

கவலைக்கு நியாயமான அடிப்படை இருக்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் 99 தயாரிப்பாளர்களின் 189 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்த அறிக்கையை வெளியிட்டது. ஒருவரை இன்னொருவர் என்று தவறாக ஏற்கும் பிழை, பல மென்பொருள்களில் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களுக்கு வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகமாக இருந்தது. எந்த முகங்களை வைத்துப் பழக்கினார்கள் என்பது முக்கியக் காரணம்: ஆசியாவில் உருவான சில மென்பொருள்களில் ஆசிய முகங்களுக்கு அந்த இடைவெளி தென்படவில்லை.

அந்த அறிக்கை போன் பூட்டுகளைச் சோதிக்கவில்லை. ஆழத்தை அளக்கும் முறை தோல் நிறத்தை அவ்வளவாக நம்பியிருப்பதும் இல்லை. ஆனால் மலிவான செல்ஃபி கேமராவில், மங்கலான பல்பு வெளிச்சத்தில், கறுத்த முகத்தின் விவரங்கள் படத்தில் முதலில் காணாமல் போகின்றன. நம் நிறத்தில் குறை இல்லை, கேமராவிலும் அதைப் பழக்கிய விதத்திலும்தான் குறை. முகத்தைப் பதியும்போது ஜன்னல் பக்கம் பார்த்து, பகல் வெளிச்சத்தில் பதிந்தால் பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

என் முகப் படம் கம்பெனிக்குப் போகிறதா?

போனைத் திறப்பதற்காகப் பதியும் முகம் போகாது. ஐபோனில் அது ‘செக்யூர் என்க்ளேவ்’ என்ற தனிப் பகுதிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, ஐகிளவுடுக்கும் போவதில்லை. ஆண்ட்ராய்டில் கிளாஸ் 3, கிளாஸ் 2 தரத்துக்கு, இதற்கு இணையான பாதுகாப்புப் பகுதியில் வைக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஒரு ஆப் உங்கள் முகத்தைக் கேட்கும்போது போன் அதற்குக் கொடுப்பது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலை மட்டும்.

ஆனால் ஒரு ஆப் தானே கேமராவைத் திறந்து, வட்டத்துக்குள் முகத்தைக் காட்டச் சொன்னால் அது வேறு கதை. அங்கே உங்கள் படம் எடுக்கப்படுகிறது, பெரும்பாலும் எங்கேயோ ஒரு சர்வருக்குப் போகிறது. கடன் ஆப், வீடியோ கேஒய்சி (வீடியோவில் அடையாளம் சரிபார்ப்பது), வருகைப் பதிவு, வயதான முகத்தைக் காட்டும் விளையாட்டு ஆப் எல்லாம் இந்த ரகம். வெளியில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ‘கேமராவைப் பயன்படுத்த அனுமதி வேண்டும்’ என்று ஆப் கேட்டதா என்று பாருங்கள். போனின் சொந்தப் பூட்டுக்கு அந்த அனுமதி தேவைப்படாது. சர்வரில் குவிந்த முகங்கள் கசியக்கூடியவை. தமிழ்நாடு போலீஸின் முக அடையாளத் தளத்துக்குள் ஊடுருவல் நடந்த செய்தி 2024 மே மாதம் வந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாருக்கு முகம் காட்டுவதும் இதே போன்றதா?

இல்லை, அது சர்வர் வகை. போன் அங்கே வெறும் கேமராதான். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழை வீட்டிலிருந்தே போன் மூலம் கொடுக்கும் வசதி 2021 நவம்பரில் தொடங்கியது. அதற்கு ஜீவன் பிரமாண் ஆப்போடு ஆதாரின் முக ஆப்பையும் போட வேண்டும். பெரியவர் கண் சிமிட்டியதும் முகம் மறையாக்கப்பட்டு ஆதார் ஆணையத்துக்குப் போய், அவர் ஆதார் எடுத்தபோது பிடித்த படத்தோடு அங்கே ஒப்பிடப்படுகிறது.

இதை நான் வரவேற்கிறேன். நவம்பர் வந்தால் தள்ளாத வயதில் பேங்க்குக்கும் கருவூலத்துக்கும் ஆட்டோ பிடித்துப் போன காலம் நமக்குத் தெரியும். விரல் ரேகை தேய்ந்து போனவர்களுக்கு இது உண்மையான உதவி. திரும்பத் திரும்பத் தவறினால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: பெரியவருக்குப் பின்னால் ஜன்னலோ டியூப்லைட்டோ இருந்தால் அவரைத் திருப்பி உட்கார வையுங்கள், ஆதாரில் இருக்கும் படம் பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு என்றால் ஆதார் மையத்தில் புதுப்படம் எடுத்துவிடுங்கள்.

அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கவும் முகம் காட்டச் சொல்கிறார்களே?

வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுக்கு, 2025 ஜூலை 1 முதல், அங்கன்வாடிப் பணியாளர்கள் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் ஆப்பில் முக அடையாளத்தை மத்திய அரசு கட்டாயமாக்கியது. சிக்னல் இல்லை, போன் தாங்கவில்லை, ஓடிபி வரவில்லை என்று பல மாநிலங்களில் பணியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போன் பூட்டில் முகம் தவறினால் பின் நம்பர் போட்டுப் போய்விடுகிறோம். இங்கே தவறினால் கர்ப்பிணி வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கும் மாற்றுவழி இல்லாமல் ஒரு சேவைக்கு முகத்தைக் கட்டாயமாக்குவது தவறு என்பது என் கருத்து.

முகத்தை வீடியோ எடுத்து மோசடி செய்கிறார்கள் என்பது எப்படி?

பாதுகாப்பு நிறுவனமான குரூப்-ஐபி 2024 பிப்ரவரியில் ‘கோல்டு பிக்காக்ஸ்’ என்ற திருட்டு ஆப்பைப் பற்றி எழுதியது. தாய்லாந்தில் அரசு ஓய்வூதிய ஆப் போல வேடமிட்டு, முகத்தைத் திருப்பச் சொல்லி, சிமிட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டது. அடையாள அட்டைப் படத்தையும் வாங்கிக்கொண்டது. அந்த வீடியோவிலிருந்து போலி முகம் செய்து பேங்க் கணக்குக்குள் நுழைவது நோக்கம். போனின் முகப்பூட்டு அங்கே உடைபடவே இல்லை. ஆளே தன் முகத்தைக் கொடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வந்த லிங்க்கிலிருந்து இறக்கிய எந்த ஆப்புக்கும் முகத்தைக் காட்டாதீர்கள், அது எந்த அரசுத் துறையின் பெயரில் வந்தாலும். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதைத் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

யுபிஐ பணம் அனுப்ப முகம் போதுமா?

பின் நம்பருக்குப் பதிலாகப் போனில் பதிந்த கைரேகையையோ முகத்தையோ பயன்படுத்தும் வழியை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. விருப்பப்பட்டால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். ஃபேஸ் ஐடி போன்ற உறுதியான பூட்டு உள்ளவர்கள் பயமில்லாமல் பயன்படுத்தலாம். உங்கள் போன் இரண்டாம் வகை என்றால் கைரேகையைத் தேர்ந்தெடுங்கள்.

போலீஸ் என் முகத்துக்கு முன்னால் போனை நீட்டித் திறக்க முடியுமா?

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் எஃப்பிஐ நீதிமன்ற வாரன்ட்டோடு ஒருவரை அவருடைய ஐபோன் எக்ஸை முகம் காட்டித் திறக்க வைத்தது. இந்தியாவில், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. ஆனால் கைரேகை கொடுப்பது அப்படிச் சாட்சி சொல்வதாகாது என்று 1961-ல் காத்தி காலு ஓகாட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மனதில் இருக்கும் பின் நம்பரைச் சொல்ல வைப்பதும் உடம்பில் இருக்கும் முகத்தைக் காட்ட வைப்பதும் ஒன்றா என்ற வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முகத்துக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு பின் நம்பருக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டத்துக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அடுத்த பதில் உங்களுக்குத் தேவைப்படும்.

அவசரத்தில் முகப்பூட்டை உடனே நிறுத்துவது எப்படி?

ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்து இரண்டு விநாடி அழுத்திப் பிடியுங்கள். அணைக்கும் பட்டை திரையில் வந்ததும் முகம் செல்லாது. பின் நம்பர் கொடுத்தால்தான் திறக்கும். பைக்குள் கையை விட்டபடியே இதைச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் ‘லாக்டவுன்’ என்று இருக்கும், சில போன்களில் செட்டிங்ஸில் போய் அதை முன்கூட்டியே இயக்க வேண்டும். எதுவும் நினைவில்லை என்றால் போனை அணைத்துவிடுங்கள். மறுபடி போட்டதும் முதல்முறை எந்த போனும் முகத்தை ஏற்காது.

முகம் பதிந்திருக்கிறேன், ஆனாலும் அடிக்கடி பின் நம்பர் கேட்கிறது. போனில் கோளாறா?

இல்லை. ஐபோனை 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலோ, ரீஸ்டார்ட் செய்தாலோ கேட்கும். ஆண்ட்ராய்டில் உறுதியான வகைக்கு 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, பலவீனமான வகைக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை; பலவீனமானது நான்கு மணி நேரம் சும்மா கிடந்தாலும் கேட்கும். உங்கள் போன் எந்த வகை என்று கண்டுபிடிக்க இதுவும் ஒரு தடயம்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் அடிப்படை பின் நம்பர்தானா?

ஆமாம், பலரும் கவனிக்காதது இது. முகப்பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பின் நம்பர் 1234 என்றால் போன் 1234 அளவுக்குத்தான் உறுதி. அமெரிக்காவில் மதுக்கூடங்களில் ஆட்கள் பின் நம்பர் போடுவதை எட்டிப் பார்த்து, பிறகு ஐபோனைத் திருடி, ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டையே மாற்றிவிடும் கூட்டங்கள் இருந்தன. அதற்குப் பிறகு ஆப்பிள் 2024 ஜனவரியில், ஐஓஎஸ் 17.3-ல், திருட்டுப் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே முக்கியமான மாற்றங்களுக்கு முகம் கட்டாயம், பின் நம்பர் செல்லாது; சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி முகம் காட்ட வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதை இயக்கி வையுங்கள். பஸ்ஸிலும் டீக்கடையிலும் நாலு பேர் பார்க்கப் பின் நம்பர் போடுவதைவிட, உறுதியான முகப்பூட்டில் திறப்பதுதான் நல்லது.

டிஸ்ப்ளே மாற்றினேன், ஃபேஸ் ஐடி போய்விட்டது. என்ன செய்வது?

ஃபேஸ் ஐடியின் பாகங்கள் அந்தந்த போனின் சிப்போடு ஜோடி சேர்க்கப்பட்டவை. இன்னொரு ஐபோனிலிருந்து கழற்றிப் பொருத்தினால் பல மாடல்களில் வேலை செய்யாது, நடுவில் யாரும் போலிக் கேமராவைச் செருகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் திரையை மாற்றினால் முகப்பூட்டு போக வேண்டிய அவசியம் இல்லை. 2021-ல் ஐபோன் 13-ல் வெளிக்கடையில் திரை மாற்றினாலே ஃபேஸ் ஐடி நின்றது. ரிப்பேர் செய்பவர்கள் எதிர்த்த பிறகு ஆப்பிள் அதைச் சரிசெய்தது. எனவே கடையில் கொடுக்கும் முன் ஃபேஸ் ஐடி வேலை செய்வதை அவர்கள் முன்னால் காட்டுங்கள், வாங்கும்போதும் காட்டச் சொல்லுங்கள். மேல்விளிம்பின் மெல்லிய ரிப்பன் கேபிள் அறுந்தால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். சென்னை ரிச்சி தெருவில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் திரையைப் பிரிக்கும்போது அந்த ரிப்பனைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். அப்புறம், பின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கடையில் கொடுத்திருந்தால் போன் கைக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.